ஈச்சிலம்பற்று: ஒழுங்கைக்கு இரண்டு வாசல் வேண்டும்

கிழக்கு மாகாணத்தில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றது, ஆற்றிலும் களப்பிலும் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் பெரிய மிதவை. திருகோணமலையிலிருந்து ஏ15 வீதியால் மட்டக்களப்புக்குப் போவதென்றால் முன்பு கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஐந்து இடங்களில் பாதை ஏற வேண்டும். முதல் நான்கையும் கடந்து, வெருகல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் ஊர்தான் ஈச்சிலம்பற்று. பாதை அக்கரையில் நின்றால் அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் காத்திருந்தும் பயனில்லை. வயிற்றுவலிக்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் குந்தியிருந்த தாய்மார் இன்றும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். திறந்தபோது இலங்கையிலேயே மிக நீளமான பாலம் அதுதான். அடுத்து வந்த ஆண்டுகளில் பிரான்சின் உதவியோடு மற்ற இடங்களிலும் பாலங்கள் வந்தன, வீதியும் கார்ப்பெட் வீதியானது. இன்று பஸ்ஸில் ஏறி இருந்தால் ஒரு ஆற்றிலும் இறங்காமல் வெருகல் வரை போகலாம்.

பெரிய வீதி இணைந்துவிட்டது. ஆனால் பஸ்ஸால் இறங்கி வீட்டு வாசலுக்கு நடக்கும் அந்தக் கடைசித் துண்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் நான் இம்முறை போனேன். நமது வாசகிகளில் அதிகமானோர் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ இல்லாதவர்கள். தண்ணீருக்கும், பாடசாலைக்கும், கிளினிக்குக்கும், கூட்டத்துக்கும், சங்கக்கடைக்கும் நடந்தே போகிறவர்கள். நடக்கிறவளுக்கு ஒழுங்கையின் அமைப்பு எவ்வளவு பெரிய விடயம் என்பதை யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

பட்டினத்துத் தெருவும் புதுக் குடியிருப்பும்

திருகோணமலைப் பட்டினத்தில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தபடியால் சற்று நடந்தேன். பழைய பட்டினம் இரண்டு பக்கமும் கடல் உள்ள ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. பிரதான வீதியும் மத்திய வீதியும் வடகரை வீதியும் ஏறக்குறைய ஒரே திசையில் ஓட, இடையிடையே குறுக்குத் தெருக்கள் அவற்றைக் கட்டிப்போடுகின்றன. ஒரு தெருவில் மதில் இடிந்தாலோ, தேர் நின்றாலோ, அடுத்த குறுக்குத் தெருவால் சுற்றிப் போய்விடலாம். எந்த வீட்டிலிருந்தும் சந்தைக்கு இரண்டு மூன்று வழி இருக்கும். அந்தத் தெருக்களைப் போட்டவர்கள் நடந்து திரிந்தவர்கள். கால் எங்கே போக விரும்பும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பஸ் பட்டினத்தை விட்டு வெளியே வந்ததும் காட்சி மாறுகிறது. பெரிய வீதியின் இரு ஓரமும் கடைகள், வீடுகள், மதில்கள். வீதி நல்லதாக வந்தால் காணிக்கு விலை ஏறும். விலை ஏறினால் காணி துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே போக ஒரு ஒழுங்கை விடுவார்கள். அது அந்தக் காணியின் எல்லையோடு நின்றுவிடும். அடுத்த காணிக்காரர் தன் பங்குக்கு இன்னொரு ஒழுங்கை விடுவார். அதுவும் அவர் எல்லையில் நிற்கும். இப்படியே ஊர் நீண்டுகொண்டு போகிறது. படத்தில் பார்த்தால் சீப்பு மாதிரி இருக்கும். சீப்பின் முதுகு பெரிய வீதி. பற்கள் எல்லாம் ஒழுங்கைகள். ஒரு பல்லிலிருந்து மற்றப் பல்லுக்குப் போக முதுகுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

மூதூரையும் கிளிவெட்டியையும் சேருநுவரவையும் கடந்து ஈச்சிலம்பற்றுப் பக்கம் திரும்பினால் அங்கேயும் இந்தச் சீப்புத்தான். இங்கே அதற்குக் காரணம் காணி வியாபாரம் குறைவு, இடப்பெயர்வு அதிகம்.

2004 டிசம்பர் 26 கடல்கோள் இந்தக் கரையோரத்தையும் அடித்தது. அடுத்த ஆண்டு, கடலிலிருந்து வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றராக இருந்தது. பின்னர் தளர்த்தப்பட்டது என்றாலும், அதற்கிடையில் பல கரையோரங்களில் குடியிருப்புகள் உள்ளே தள்ளிப் போடப்பட்டன. 2006 நடுப்பகுதியில் மாவிலாற்றுத் துரிசு மூடப்பட்டதோடு சண்டை மூண்டது. மூதூர் கிழக்கு மக்கள் ஈச்சிலம்பற்றுக்கு வந்தார்கள். பிறகு ஈச்சிலம்பற்று மக்களும் அவர்களோடு சேர்ந்து வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்குப் போனார்கள். 2007 ஜனவரியில் வாகரையும் போய் மட்டக்களப்பு முகாம்கள். அதே ஆண்டில் ஈச்சிலம்பற்றுக்கு மீள்குடியேற்றம் தொடங்கியது. சம்பூர் மக்கள் பலருக்கு அது 2015, 2016 வரை பிந்தியது.

திரும்பி வந்த சனத்துக்கு வீடு அவசரம். தறப்பாளுக்குக் கீழே மாரி கழிக்க முடியாது. ஆகவே உதவி எல்லாம் வீட்டுக் கணக்கில் வந்தது. 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. வீட்டின் அத்திவாரத்தைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். கட்டம் கட்டமாகக் காசு வந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலே கால் எப்படிப் போகும் என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டமும் இல்லை. இது எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். கடல்கோளுக்கும் போருக்கும் பிறகு உலகத்தில் எங்கும் வீட்டைத்தான் எண்ணுகிறார்கள்.

மணலில் ஒரு கணக்கு

நான் போன ஒரு குடியிருப்பில் ஒழுங்கையின் கடைசி வீட்டுச் சகோதரி பின்வேலியில் ஒரு கிடுகை விலக்கி வைத்திருந்தார். அவருடைய தாயார் அடுத்த ஒழுங்கையின் கடைசி வீடு. வேலிக்குள்ளால் போனால் குரல் கேட்கும் தூரம். வீதியால் போனால் வெயிலில் நல்ல நடை. வேலிக்கு அந்தப் பக்கத்து வளவுக்காரர் வெளியூரில் இருப்பதால் அந்த வழி இப்போதைக்குத் திறந்திருக்கிறது. அவர் வந்து மதில் கட்டினால் தாயும் மகளும் வீதியைச் சுற்ற வேண்டியதுதான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடியை எடுத்து முற்றத்து மணலில் கீறிப் பாருங்கள். ஒரு பெரிய வீதி. அதிலிருந்து ஒரே பக்கமாக ஆறு ஒழுங்கைகள். ஒவ்வொன்றும் 300 மீற்றர் நீளம், இரண்டு ஒழுங்கைக்கு இடையில் 60 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து இரண்டாம் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போக 300 மீற்றர் வெளியே வந்து, வீதியில் 60 மீற்றர் நடந்து, மீண்டும் 300 மீற்றர் உள்ளே போக வேண்டும். மொத்தம் 660 மீற்றர். ஒழுங்கைகளின் முடிவை ஒரு சிறு நடைவழியால் இணைத்தால் அதே பயணம் 60 மீற்றர். பதினொரு மடங்கு குறைவு. தலையில் விறகோடும் இடுப்பில் குடத்தோடும் போகிறவளுக்கு இந்த வித்தியாசம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

நகரத் திட்டமிடுவோர் இதை அளப்பதற்கு ஒரு இலகுவான முறை வைத்திருக்கிறார்கள். சந்திகளையும் ஒழுங்கை முடிவுகளையும் எண்ணுவது. பிறகு அவற்றுக்கு இடையிலுள்ள வீதித் துண்டுகளை எண்ணுவது. துண்டுகளைப் புள்ளிகளால் வகுப்பது. நாம் கீறிய படத்தில் சந்தி ஆறு, முடிவு ஆறு, ஆகப் புள்ளிகள் 12. ஒழுங்கை ஆறு, பெரிய வீதியில் சந்திகளுக்கு இடையே ஐந்து, ஆகத் துண்டுகள் 11. வகுத்தால் 0.92 வரும். 1.4 அளவில் வந்தால் அது நடப்பதற்கு நல்ல குடியிருப்பு என்பது அவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. இப்போது பின்பக்கத்தில் ஐந்து சிறு நடைவழிகளைக் கீறுங்கள். துண்டுகள் 16 ஆகும், புள்ளிகள் அதே 12. வகுத்தால் 1.33. ஐந்து சிறு நடைவழியால் இவ்வளவு மாற்றம். ஒரு வீட்டையும் அசைக்கத் தேவையில்லை.

இந்தப் பிரச்சினை உலகம் முழுவதும் உள்ளது. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகத்து வீதிகளின் வரைபடங்களைக் கணினியில் ஒப்பிட்டு 2020இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 1975இன் பின் உலகின் பெரும்பாலான இடங்களில் புதிதாகப் போட்ட வீதிகள் முன்னையதைவிட இணைப்புக் குறைந்தவையாகவே இருந்திருக்கின்றன. அவர்கள் வற்புறுத்தும் இன்னொரு விடயம், ஒரு முறை போட்ட வீதி அமைப்பு பிறகு இலேசில் மாறாது என்பது. இதை நாமும் அறிவோம். வீடு எரிந்தது, மீண்டும் கட்டினோம். கூரை போனது, மீண்டும் போட்டோம். ஆனால் ஒழுங்கை எங்கே முடிந்ததோ அங்கேயேதான் முடிகிறது. ஜேர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் வாகனத்துக்கு முடிந்துபோகும் தெருவிலும் நடக்கிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் அப்பால் போக ஒரு சிறு வழி விடும் பழக்கம் இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரே வழி மட்டும் உள்ள ஊர்

நடைதூரம் குறைவது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய காரணம் உயிர்ப் பாதுகாப்பு.

ஈச்சிலம்பற்றின் கிழக்கே கடலும் களப்பும். தெற்கே வெருகல் ஆறு. பெருவெள்ளம் மேற்கே மாவிலாற்றுப் பக்கத்திலிருந்து வரும். வெளியே போக உள்ள வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வழி ஒன்றாக இருந்து அது அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை 2006இல் இந்த மக்கள் அனுபவித்தார்கள். வாகரையிலும் கதிரவெளியிலும் நடந்ததை இந்தப் பக்கத்தில் நான் எழுத வேண்டியதில்லை. படிக்கிறவர்களில் பலர் அங்கே இருந்தவர்கள்.

போர் முடிந்தாலும் வெள்ளம் முடியவில்லை. மகாவலியின் கிளைதான் வெருகல் ஆறு. மலைநாட்டில் பெய்யும் மழையும் இங்கேதான் வந்து சேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு மகாவலி பெருகியபோது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து கீழ்ப்பகுதி ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படியான வேளையில் தாழ்ந்த இடத்தில் ஒரே வாசல் உள்ள ஒழுங்கை ஒரு வாளி மாதிரி. வாசலில் தண்ணீர் நின்றால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது. இன்னொரு பக்கத்தால் மேட்டுக்குப் போக ஒரு நடைவழி இருந்தால் முதியவர்களையும் பிள்ளைகளையும் படகு வரும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. யானை வரும் ஊர்களிலும் இதே கதைதான். ஒழுங்கை வாசலில் யானை நின்றால் உள்ளே இருப்பவர்களுக்குப் பின்வழி வேண்டும்.

ஒரு வழியை மூடும்போது இன்னொரு பாதுகாப்பான வழி இல்லாவிட்டால் விலை உயிராகவும் இருக்கலாம். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மக்கள் ஒரு மிதவையில் களப்பைக் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். பாலம் வேண்டியதுதான். ஆனால் பாலம் வரும்வரை பிள்ளை எதனால் போகும் என்ற கேள்விக்கும் அதே திட்டத்தில் விடை இருந்திருக்க வேண்டும்.

பயம் உண்மையானது

இதையெல்லாம் சொன்னபோது ஒரு கூட்டத்தில் சில சகோதரிகள் மறுத்தார்கள். ஆண் துணை இல்லாத வீடு, ஒழுங்கை மூடியிருப்பதுதான் நிம்மதி, தெரியாதவன் உள்ளே வந்தால் உடனே தெரியும், வழி திறந்தால் கண்டவன் எல்லாம் போவான் என்றார்கள். இந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கணவரை இழந்தவர்களும் காணாமல் போனோரின் மனைவிமாரும் பல ஆண்டுகளாக இந்தப் பயத்தோடுதான் படுக்கிறார்கள்.

ஆனால் அதே கூட்டத்தில் வேறொரு குரலும் எழுந்தது. ஒழுங்கை வாசலில் குடித்துவிட்டுக் குந்தியிருக்கும் ஆட்களைத் தாண்டித்தான் தினமும் போகவேண்டியிருக்கிறது, வேறு வழி இருந்தால் அவர்கள் முகத்தில் முழிக்காமல் போகலாம் என்றார் ஒருவர். வயதுவந்த மகள் மாலை வகுப்புக்குப் போவதை நிறுத்தியதும் அந்த வாசலால்தான் என்றார் இன்னொருவர். ஒரே வாசல் உள்ள ஒழுங்கையில் அந்த வாசலைப் பிடித்தவன் எல்லோரையும் பிடித்துவிடுகிறான். ஆள் நடமாட்டம் உள்ள வழியில் பார்க்கும் கண்களும் அதிகம்.

ஆகவே இரண்டு பயத்துக்கும் இடம் கொடுத்து முடிவெடுக்கலாம். பின்வழியை வாகனம் போகாத அளவுக்கு ஒடுக்கமாக விடலாம். இரண்டு பக்கமும் கட்டை நட்டால் மோட்டார் சைக்கிள் வேகமாக வராது. ஆனால் சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டிலும் போகுமளவுக்கு இடைவெளி வேண்டும். போரில் கால் இழந்த சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். வழி ஓரத்தில் உயர்ந்த தகரவேலி வேண்டாம், இடுப்பளவு வேலி போதும். ஒரு விளக்கு வேண்டும். வாய்க்காலைக் குறுக்கிட்டால் மதகு போட்டுத்தான் வழி விடவேண்டும். இல்லாவிட்டால் அந்த வழியே வெள்ளத்தைத் தடுத்து வீடுகளுக்குள் விட்டுவிடும்.

யாரிடம் கேட்பது?

ஏ15 போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. அரச காணியைப் பிரித்து அனுமதிப்பத்திரம் கொடுப்பது பிரதேச செயலகம். ஈச்சிலம்பற்று மக்களுக்கு இவை வெருகல் பிரதேச சபையும் வெருகல் பிரதேச செயலகமும். 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் சபையிலும் பெண் உறுப்பினர் இருப்பார். கொங்கிறீட் வீதி கேட்டுப் போகும்போது இந்த விடயத்தையும் அவரிடம் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாள் இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் குடியிருப்பின் படத்தை நிலத்தில் கீறுங்கள். எந்த ஒழுங்கைக்கு ஒரே வாசல் என்று அடையாளமிடுங்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள், எந்த வேலியால் நுழைந்து பாடசாலைக்குப் போகிறார்கள் என்று. அந்தக் கிடுகு விலகிய இடங்கள்தான் ஊர் தானாகக் கேட்கும் வழிகள். அங்கே காணி யாருடையது என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். தனியார் காணியென்றால் உரிமையாளரின் விருப்பத்தோடு எழுத்தில் பெறவேண்டும், வாய்வார்த்தை மதிலோடு போய்விடும். அரச காணியென்றால் அது இன்னொருவருக்குப் பங்கிடப்படுவதற்கு முன்பே கடிதம் கொடுக்க வேண்டும். புதுக் குடியிருப்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் நில அளவையாளர் கல் நடும் முன் போங்கள். கல் நட்ட பிறகு ஒரு அடி காணிக்கும் பெரிய சண்டை.

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலைக் கடந்துதான் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் தெற்கே போவார்கள். வடக்கிலிருந்து பல வாரங்கள் நடந்து வருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். வழி எங்கே நல்லது, தண்ணீர் எங்கே, எந்த ஒழுங்கையால் வெட்டிப் போகலாம் என்று அவர்களுக்கு மனப்பாடம். நம் ஊரைப் பற்றி நமக்கும் அவ்வளவு தெரியும். தினமும் நடக்கிற கால்களுக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் போதும். அடுத்த மாரிக்கு முன் ஒரு ஒழுங்கைக்காவது இரண்டாவது வாசலைத் திறக்கப் பாருங்கள், சகோதரிகளே.